எலும்பே இல்லாத சுறா எப்படி முதுகெலும்பி? வேளா மீனை முன்வைத்து ஒரு பதில்

கேட்டது இரண்டு கேள்விகள். சுறாவுக்கும் திருக்கைக்கும் எலும்பே கிடையாது, உடம்பு முழுக்கக் குருத்தெலும்புதான், அப்புறம் எப்படி அவற்றை முதுகெலும்பிகள் என்கிறோம் என்பது முதலாவது. ஆயிரக்கணக்கான இனங்கள் அழிவின் விளிம்பில் நிற்கும்போது, இருக்கிற கொஞ்சப் பணத்தையும் ஆட்களையும் வைத்துக்கொண்டு எதை முதலில் காப்பாற்றுவது, அதை எந்தக் கணக்கில் முடிவு செய்வது என்பது இரண்டாவது. தனித்தனியாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகப் படுகிறது. ஏன் என்று சொல்வதற்குள் பதில் கொஞ்சம் நீண்டுவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுக்களையிலிருந்தே தொடங்கலாம். குழம்பில் கிடக்கும் வஞ்சிரம் துண்டின் நடுமுள்ளை எடுத்து ஒரு கணுவை அடுத்த கணுவிலிருந்து பிரித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் கிண்ணம் போலக் குழிந்திருக்கும், அந்தக் குழிக்குள் வழவழப்பாக ஒரு கூழ் இருக்கும். சின்ன வயதில் அதை உறிஞ்சிச் சாப்பிடாதவர்கள் மீன் தின்கிற வீடுகளில் குறைவு. அந்தக் கூழ் முதுகுநாணின் மிச்சம். முதுகெலும்பு என்ற ஒன்று உலகத்தில் வருவதற்கு முன்பே வந்துவிட்ட தண்டு அது, வளையும், ஆனால் உடம்பைச் சுருங்க விடாது. கருவில் முதலில் உருவாவது அந்த நாண், பிறகுதான் அதைச் சுற்றிக் கணுக்கணுவாக முள்ளெலும்புகள் அமைகின்றன. நமக்கும் அப்படித்தான். முதுகுவலிக்குப் போனால் டாக்டர் ஸ்கேனைக் காட்டி ‘டிஸ்க் விலகியிருக்கிறது’ என்பாரே, அந்த டிஸ்க்கின் நடுவில் இருக்கும் கூழ்ப்பகுதியும் கருவிலிருந்த அதே நாணிலிருந்து வந்ததுதான்.

இந்த நாண், அதற்கு மேலே ஓடும் உள்ளீடற்ற நரம்புக் குழாய், தொண்டைப் பக்கத்தில் செவுள் பிளவுகள், ஆசனவாய்க்குப் பின்னும் நீளும் வால் ஆகியவை வாழ்க்கையில் எப்போதாவது ஒரு கட்டத்திலாவது இருந்தால் அது முதுகுநாணி. ‘எப்போதாவது’ என்பதுதான் முக்கியம். கடற்பாறையில் ஒட்டிக்கொண்டு தண்ணீரைப் பீச்சியபடி கிடக்கும் அசிடியன் என்ற உயிரைப் பார்த்தால் நமக்குச் சொந்தம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அதன் குஞ்சுப் பருவத்தில், தலைப்பிரட்டை போல நீந்தித் திரியும்போது, வாலில் முதுகுநாண் இருக்கிறது என்று 1860களில் ரஷ்ய ஆய்வாளர் அலெக்சாண்டர் கவலெவ்ஸ்கி காட்டினார். மரபணுக்களை ஒப்பிட்டு 2006இல் வந்த ஆய்வு இன்னும் ஒருபடி மேலே போனது. பார்வைக்கு மீன் மாதிரியே இருக்கும் ஆம்பியாக்ஸஸை விட இந்தப் பாறை ஒட்டிதான் நமக்கு நெருங்கிய உறவு என்றது. உருவத்தை வைத்து உறவு சொல்லக்கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரிந்து கிடையாது.

சரி, முதுகுநாணிகளுக்குள் முதுகெலும்பிகள் எப்படிப் பிரிகின்றன? தண்டுவடத்தை அணைத்தபடி கணுக்கணுவான துண்டுகள், மூளையைச் சுற்றி ஒரு மண்டையோடு, இவற்றோடு கருவில் தோன்றும் நரம்பு முகடு என்ற உயிரணுக் கூட்டம். இந்த மூன்றாவதைப் பாடப்புத்தகங்கள் இரண்டு வரியில் முடித்துவிடுகின்றன, எனக்கு அதில் எப்போதும் வருத்தம் உண்டு. 1868இல் வில்ஹெல்ம் ஹிஸ் கோழிக்கருவில் கண்டறிந்தது அது. நரம்புக் குழாய் மூடிக்கொள்ளும் விளிம்பிலிருந்து கிளம்பி உடம்பெங்கும் நடந்துபோகும் உயிரணுக்கள் அவை. முகத்தின் எலும்புகள், தாடை, பல்லின் உட்பகுதியான தந்தினி, தோலுக்கு நிறம் தரும் அணுக்கள், குடலின் நரம்புகள் எல்லாம் அவற்றிலிருந்துதான். நம் ஒவ்வொருவருக்கும் ஒரு முகம் இருப்பதே அந்த அணுக்களால்.

இந்தப் பட்டியலில் எலும்பு இல்லை என்பதைக் கவனியுங்கள். எலும்பு என்பது கட்டுமானப் பொருள், முதுகுத்தண்டு என்பது கட்டுமானம். செங்கல்லில் கட்டினாலும் கருங்கல்லில் கட்டினாலும் வீடு வீடுதான். மீன் சந்தையில் சுறா வெட்டும் இடத்தில் நின்று பார்த்தால் கேரம் காய் மாதிரி வட்ட வட்டமாகக் கணுக்கள் கழிவில் கிடக்கும். குருத்தெலும்புதான், ஆனால் சுண்ணாம்பு ஏறிக் கெட்டிப்பட்டது. மரத்தில் இருப்பதுபோல அதில் வளையங்கள் இருக்கும், அவற்றை எண்ணித்தான் பல சுறா இனங்களின் வயதைக் கணிக்கிறார்கள். எலும்பு வருவதற்கு முன்பே தேங்கிப்போன பழைய மாதிரி சுறா என்று நானும் படித்தேன், பல வருடம் அப்படியே பாடமும் நடத்தினேன். மங்கோலியாவில் கிடைத்த மின்ஜினியா என்ற, சுமார் 41 கோடி ஆண்டுப் பழைய கவச மீனின் மண்டையில் உள்எலும்பு இருந்தது என்று 2020இல் ஆய்வு வந்த பிறகு அந்தப் பாடத்தை மாற்றிக்கொண்டேன். சுறாவின் முன்னோருக்கு எலும்பு இருந்திருக்கலாம், பின்னால் அதைக் கைவிட்டிருக்கலாம் என்பதுதான் இப்போது வலுவாகப் பேசப்படுகிறது. பாம்புக்குக் கால் இல்லை, ஆனாலும் அது நான்கு கால் முதுகெலும்பிகள் என்ற கூட்டத்தில்தான் இருக்கிறது, ஏனென்றால் கால் இருந்த பரம்பரையில் வந்தது. சுறாவும் அதே மாதிரிதான். விலாங்கு போல இருக்கும், தாடையில்லாத ஹாக் மீன் இதைவிடக் கடினமான வழக்கு, மண்டையோடு உண்டு, முதுகுக் கணு கண்ணில் படாது, அதனால் அதை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். 2011இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதன் கருவளர்ச்சியைப் பார்த்து, கணுவுக்கான சின்னத் துண்டுகள் வால் பகுதியில் இருக்கின்றன என்று காட்டினார்கள். அதுவும் இருந்ததை இழந்த பரம்பரைதான்.

ஆக, அடையாளங்கள் என்று நாம் சொல்பவை எல்லாம் பரம்பரையைக் கண்டுபிடிக்க உதவும் தடயங்கள். குடும்பத்தைத் தீர்மானிப்பது பரம்பரை. இதை ஏற்றுக்கொண்டால் ‘மீன்’ என்ற சொல்லே கொஞ்சம் ஆட்டம் காணும். 1938 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் துறைமுகத்தில், இழுவைப் படகு கொண்டுவந்த மீன் குவியலுக்குள்ளிருந்து அந்த ஊர் அருங்காட்சியகத்தின் மார்ஜரி கோர்ட்னி-லாட்டிமர் சீலகாந்து என்ற மீனைக் கண்டெடுத்தார். டைனோசர்களோடு சேர்ந்து மறைந்துவிட்டது என்று எல்லோரும் நம்பியிருந்த கிளை அது. அந்தச் சீலகாந்தும், அதைவிட நமக்கு இன்னும் நெருக்கமான நுரையீரல் மீன்களும், வஞ்சிரத்துக்குச் சொந்தமாவதைவிட நமக்குத்தான் அதிகச் சொந்தம்.

இப்போது வேளா மீனுக்கு வருகிறேன், எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். முன்னால் ரம்பம் மாதிரி நீண்ட கொம்பு, இருபுறமும் பல் பல்லாக, பின்னால் சுறா உடம்பு, சில இனங்கள் ஆறு மீட்டரைத் தாண்டி வளரும். பார்க்கிற யாரும் சுறா என்றுதான் சொல்வார்கள், ‘வேளா சுறா’ என்று அழைப்பதும் உண்டு. ஆனால் புரட்டிப் போட்டால் செவுள் பிளவுகள் வயிற்றுப்புறத்தில் இருக்கும். சுறாவுக்குச் செவுள் பக்கவாட்டில், திருக்கைக்கு அடியில். ஆகவே இது திருக்கை. நம் கரையில் உளுவை என்று சொல்கிற கிதார் மீன்களின் நெருங்கிய உறவு. இதே மாதிரி ரம்பத்தோடு செவுள் பக்கவாட்டில் இருக்கும் உண்மையான சுறாக் குடும்பம் ஒன்றும் தனியாக இருக்கிறது, அதற்கு மீசை வேறு உண்டு. ரம்பம் என்ற ஆயுதம் இரண்டு பரம்பரைகளில் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது, அழிந்துபோன மூன்றாவது ஒரு குடும்பத்திலும் அது இருந்ததைப் புதைபடிவங்கள் சொல்கின்றன. ரம்பத்தின் பற்கள் வாய்ப்பற்களே கிடையாது, தோல் செதில்கள் உருமாறி வந்தவை. ரம்பம் முழுக்க மின்புலத்தை உணரும் நுண் துளைகள். கலங்கிய தண்ணீரில் கண் தெரியாத இடத்தில் இரையின் தசை துடிப்பதை அந்தத் துளைகளால் உணர்ந்து, பக்கவாட்டில் ஒரே வீச்சு வீசி மீனை அடித்துப் போடும். கண்ணும் கையும் கத்தியும் ஒன்றாகிவிட்ட உறுப்பு.

இந்த மீனை நம்மவர்கள் வெகுகாலமாக அறிவார்கள். காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் சினைச் சுறவின் கோட்டை நட்டு வணங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. நட்டு வைக்கிற அளவுக்குக் கோடு உள்ள சுறவு வேளாவாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ‘சினை’ என்ற சொல்லையும் விட்டுவிடாதீர்கள். வேளா முட்டை இடுவதில்லை, குட்டி போடுகிறது. வயிற்றுக்குள் இருக்கும்போதே குட்டிக்கு ரம்பம் வந்துவிடும், தாயைக் கிழித்துவிடாமல் இருக்க அதன்மேல் ஒரு மெல்லிய உறை இருக்கும், பிறந்த பிறகு உரிந்து போகும்.

இன்று உலகில் ஐந்தே வேளா இனங்கள். ஐந்தும் ஒரே குடும்பம், ஐந்துமே பன்னாட்டு அழிவு அபாயப் பட்டியலின் மேல்தட்டில் இருக்கின்றன. முன்பு வேளா வாழ்ந்த 90 நாடுகளில் 55இல் ஏதாவது ஓர் இனம் மறைந்துவிட்டது அல்லது மறைந்திருக்கலாம் என்று 2021இல் கணக்கிட்டார்கள். இந்தியாவில் 2001இலேயே வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வேளாவைச் சேர்த்தாகிவிட்டது, அதாவது புலிக்கு இருக்கிற அதே பாதுகாப்பு. ஆனால் புலி வலையில் மாட்டுவதில்லை. வேளாவுக்குக் கெடுதலே அதன் ரம்பம்தான். அது தின்பதற்கு வந்தாலும் சரி, சும்மா கடந்து போனாலும் சரி, நைலான் வலையில் ஒரு பல் சிக்கினால் போதும், உதற உதற இன்னும் சுற்றிக்கொள்ளும். உயிரோடு இருக்கும் ரம்ப மீனைப் பிரித்தெடுப்பது மீனவருக்கும் ஆபத்து, வலையும் பாழாகும், அதனால் உலகின் பல இடங்களில் ரம்பத்தை வெட்டிவிட்டு மீனைக் கடலில் தள்ளுவார்கள். ரம்பம் திரும்ப வளராது. உணரவும் வேட்டையாடவும் இருந்த ஒரே உறுப்பு போன பிறகு அது எவ்வளவு நாள் தாங்கும்?

இங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்வி. உயிர்களின் பரம்பரையை ஒரு பெரிய ஆலமரமாக நினைத்துக்கொள்ளுங்கள். சில கிளைகளின் நுனியில் நூற்றுக்கணக்கான இலைகள் அடர்ந்திருக்கும், சில நீண்ட கிளைகளின் நுனியில் ஒன்றிரண்டு இலைகள்தான் மிஞ்சியிருக்கும். அடர்ந்த கிளையில் ஓர் இலை உதிர்ந்தால் அதன் பக்கத்து இலைகள் அந்தப் பரம்பரையின் பெரும்பகுதியைத் தாங்கிக்கொண்டிருக்கும். தனிக்கிளையின் கடைசி இலை உதிர்ந்தால் கிளையே போய்விடும், அதில் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த எல்லாமும் போய்விடும். லண்டன் விலங்கியல் சங்கம் 2007 முதல் நடத்தும் எட்ஜ் திட்டம் இந்தக் கணக்கைத்தான் போடுகிறது. ஓர் இனம் எவ்வளவு காலம் தனித்த பரம்பரையில் வந்தது, எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்ற இரண்டையும் சேர்த்து வரிசைப்படுத்துகிறார்கள். அழகோ, புகைப்படத்தில் எடுப்பாக இருப்பதோ அங்கே கணக்கில் வராது. சுறா, திருக்கை வரிசையில் வேளாக்கள் மேலே இருப்பதற்குக் காரணம் இதுதான்.

நியூசிலாந்தின் டுவாட்டராவையும் இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். பார்த்தால் ஓணான். ஆனால் அது பல்லியே இல்லை, தனி வரிசை என்று 1867இல் விலங்கியலாளர் ஆல்பர்ட் குந்தர் எழுதினார். பல்லிகளும் பாம்புகளும் சேர்ந்து 11,000 இனங்களுக்கு மேல் இருக்கின்றன, அவற்றிலிருந்து சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்த கிளையில் இன்று மிஞ்சியிருப்பது டுவாட்டரா ஒன்றே ஒன்று. கப்பல்களில் வந்த எலிகள் அதைப் பெரிய தீவுகளில் இருந்து துடைத்தெடுத்துவிட்டன, சின்னச் சின்னத் தீவுகளில் மட்டும் தப்பித்தது. செய்த வேலை என்ன தெரியுமா? தீவு தீவாகப் போய் எலிகளை ஒழித்தார்கள், பிறகு டுவாட்டராவைக் கொண்டுபோய் விட்டார்கள். 2005இல் வெல்லிங்டனில் வேலி போட்ட சரணாலயம் ஒன்றில் விட்டதும் அப்படித்தான். பாதுகாப்பு என்றால் பெரும்பாலும் இப்படிப்பட்ட அலுப்பூட்டும் வேலைதான், அதைச் செய்கிறவர்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

நம் பக்கத்திலும் தனிக்கிளை இருக்கிறது. இடுக்கியில் கிடைத்து, எஸ். டி. பிஜுவும் ஃபிராங்கி போசுயிட்டும் 2003இல் உலகுக்கு அறிவித்த ஊதாத் தவளைக் குடும்பத்துக்கு மிக நெருங்கிய உறவு மேற்குத் தொடர்ச்சி மலையில் எங்குமே இல்லை, கடல் தாண்டி செஷல்ஸ் தீவுகளில் இருக்கிறது. இந்தியாவும் செஷல்ஸும் ஒரே நிலமாக ஒட்டியிருந்த காலத்துப் பரம்பரை அது. அதன் இரண்டாவது இனம் நம் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைச்சரிவில் கிடைத்தது, மறைந்த ஊர்வன ஆய்வாளர் பூபதியின் பெயரை அதற்கு 2017இல் வைத்தார்கள். வருடம் முழுக்க மண்ணுக்குள் கிடந்து சில நாட்கள் மட்டும் வெளியே வந்து இனப்பெருக்கம் செய்யும் தவளைகள். கேரளப் பக்கத்துத் தவளை தென்மேற்குப் பருவமழைக்கு வெளியே வரும், கிழக்குச் சரிவில் இருக்கும் இந்தத் தவளை வடகிழக்குப் பருவமழைக்கு வரும். தலைப்பிரட்டைகள் பாய்ந்தோடும் ஓடையில் வாயால் பாறையைக் கவ்விப் பிடித்துக்கொண்டு வளரும். ஓடையின் ஓட்டத்தை நிறுத்தினால் அவை வளர இடம் மிஞ்சாது.

கிளையின் நீளம் ஒன்றே அளவுகோல் என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொன்னால் தப்பாகிவிடும். நம் பாறு கழுகுகளுக்கு நெருங்கிய உறவுகள் நிறையவே உண்டு. ஆனால் மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்தால் அவை கூட்டம் கூட்டமாகச் செத்தபோது, செத்த மாட்டைத் தின்று தீர்க்க ஆளில்லாமல் போனது. 2004இல் காரணம் தெரிந்தது, 2006இல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள், அதற்குள் வெண்முதுகுப் பாறு 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது. ஓர் இனம் செய்கிற வேலையும் கணக்கில் வர வேண்டும். ஆனால் இந்த வேலைக் கணக்கை நம் மக்கள் சொன்னதும் புரிந்துகொள்கிறார்கள், பரம்பரைக் கணக்கைத்தான் யாரும் பேசுவதில்லை, அதனால் அதை அழுத்திச் சொல்கிறேன்.

ஆபத்தும் பரம்பரையைப் பொறுத்தே வருகிறது. தவளைகள் ஈரத்தோலால் மூச்சு விடுகிறவை, அந்தத் தோலையே தாக்கும் பூஞ்சை நோய் உலகெங்கும் அவற்றைக் கொன்றது. நீர்நில வாழ்விகளில் 41 சதவீதம் ஆபத்தில் இருப்பதாக 2023இல் மதிப்பிட்டார்கள். சுறா, திருக்கைகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல், காரணம் அநேகமாக ஒன்றே ஒன்று, அளவு மீறிய மீன்பிடிப்பு. வஞ்சிரம் லட்சக்கணக்கில் முட்டை இடும், மத்தியும் அப்படியே. வேளாவும் சுறாவும் பல வருடம் வளர்ந்த பிறகுதான் பருவத்துக்கு வரும், போடுவதும் சில குட்டிகள்தான். குட்டி போடும் வேகத்தைவிடப் பிடிக்கும் வேகம் கூடிவிட்டால் கணக்கு உடனே கவிழும். நிகராகுவா ஏரியில் 1970களில் வேளாவை வணிகத்துக்காகப் பிடிக்கத் தொடங்கினார்கள், பத்துப் பன்னிரண்டு வருடத்திலேயே அங்கே பிடிக்க வேளா இல்லாமல் போனது.

மீள முடியுமா என்றால், ஃபுளோரிடா கொஞ்சம் நம்பிக்கை தருகிறது. 1995இல் கரையோரக் கடலில் சிக்குவலைகளைத் தடை செய்தார்கள், 2003இல் சிறுபல் வேளாவைச் சட்டப் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தார்கள், குட்டிகள் வளரும் சதுப்புநிலக் கழிமுகங்களைப் பார்த்துக்கொண்டார்கள். மெதுவாக எண்ணிக்கை தேறியது. அந்தக் கழிமுகங்களில் ஆண் துணை இல்லாமலே பிறந்த 7 வேளாக்கள் இருப்பதாக 2015இல் ஓர் ஆய்வு வந்தபோது எல்லோரும் அதிசயம் என்றார்கள். எனக்கு அதில் துணை தேடிக் கிடைக்காத தாய் மீன்கள்தான் தெரிந்தன. 2024இன் தொடக்கத்தில் அதே கடலில் மீன்கள் காரணம் புரியாமல் சுற்றிச் சுற்றி நீந்திச் செத்தன, அதில் ஐம்பதுக்கும் மேற்பட்ட வேளாக்கள் போயின. இவ்வளவு சிறிய கூட்டத்துக்கு ஐம்பது பெரிய இழப்பு.

உங்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் ஊர் கடற்கரை என்று எழுதியிருந்தீர்கள். எழுபது வயதைத் தாண்டிய கடல் தொழில் செய்த தாத்தாக்கள் இருப்பார்கள், வேளாவைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள், எந்த வலையில், ஆறு கலக்கும் இடத்திலா ஆழத்திலா என்று கேட்டு எழுதி வையுங்கள். இனி இந்த மீனைப் பற்றித் தெரிந்துகொள்ள அவர்கள் நினைவை விட்டால் பல இடங்களில் வேறு பதிவு கிடையாது. பழைய வீடுகளிலோ கோவிலிலோ மாதா கோவிலிலோ கொம்பு மாட்டி வைத்திருந்தால் விலை பேச வேண்டாம், விற்பதும் வாங்குவதும் குற்றம். அளவு தெரிய ஒரு முழக்கோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள், இரண்டு பக்கத்துப் பற்களையும் தனித்தனியாக எண்ணுங்கள். முகத்தை ஒட்டிய அடிப்பகுதியில் பல்லே இல்லாமல் வெறுமையாக இருந்தால் அது ஒல்லியான ரம்பம் கொண்ட வேளா, அடிவரைக்கும் பல் இருந்தால் மற்ற நான்கில் ஒன்று, எண்ணிக்கையை வைத்து எது என்று ஓரளவு பிரித்துவிடலாம். பத்திருபது வருடப் பழைய காய்ந்த கொம்பிலிருந்துகூட மரபணுவை எடுக்கிறார்கள். படமும் எண்ணிக்கையும் கிடைத்தால் எனக்கு அனுப்புங்கள், எந்த இனம் என்று உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.